மேளம் வந்து கூப்பிடட்டும்

அவள் பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "சரி, அதுக்கு முன்னாடி இருந்த பேரு என்ன?" என்றுதான் உங்களில் பாதிப் பேர் கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு அவள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. அவள் சொல்லாததை நான் சொல்வது முறையில்லை. எங்கள் வீட்டில் அவள் தங்கச்சி. அது போதும்.

திண்டிவனத்தில் ஒரு கோயில் தெருவில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறேன். கற்பூரம், விபூதி, மஞ்சள், விளக்குத் திரி. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. கிருத்திகைக்குக் கிருத்திகை மயிலம் மலை ஏறி முருகனைப் பார்த்த பிறகுதான் பச்சைத் தண்ணீர். அப்படி ஒரு கிருத்திகை அன்று நான் மலைக்குப் போயிருந்த நேரத்தில், கடைக்குப் பின்னால் வீட்டை ஒட்டியிருந்த ஓட்டு அறையை என் வீட்டுக்காரி அவளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டாள். நான் திரும்பி வந்தபோது தையல் மெஷின் இறங்கியாகிவிட்டது. நல்ல உயரம், அகலத் தோள், நெற்றியில் பெரிய பொட்டு, மோர்க் குடம் உருட்டுகிற மாதிரி ஒரு குரல். யாரைக் கேட்டு விட்டாய் என்று உள்ளே போய்ச் சண்டை போட்டேன். "நல்லா தைக்கிற கை மாதிரி இருந்துச்சு, வுட்டேன்" என்றாள் வீட்டுக்காரி. அதற்கு மேல் பேச்சில்லை.

கை நல்ல கைதான். புதுச் சேலைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைப்பாள், முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவாள். தைக்க எடுக்கும் முன்னால் சேலையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். எங்கே இழை விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். பேச்சிலும் அதே பழக்கம்தான். அவளை யாராவது நீ எப்படிப் பொம்பளை என்று கேட்டால் கோபப்பட மாட்டாள், அழமாட்டாள். "சரி, பொம்பளைன்னா யாரு? நீங்க சொல்லுங்க" என்பாள். அவர்கள் சொல்வதை வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பாள்.

எங்கள் தெருவில் ரிட்டயரான அறிவியல் வாத்தியார் ஒருத்தர் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எதையும் நிரூபிக்கணும் அவருக்கு. ஒரு நாள் சூடம் வாங்க வந்தவர், மஞ்சள் வாங்கிக்கொண்டிருந்த அவளைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். ரத்தத்தில் குரோமோசோம் என்று ஒன்று இருக்கிறது, அது ஆம்பளைக்கு ஒரு மாதிரி, பொம்பளைக்கு ஒரு மாதிரி, அதைப் புடவை கட்டி மாற்ற முடியாது என்றார்.

"உங்க ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கீங்களா சார்?"

இல்லை என்றார்.

"பாக்காமயே அறுவது வருசமா ஆம்பளையா இருந்துக்கினு வர்றீங்களே."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். ஆனால் விடவில்லை. சரி, அதை விடு, எதை வைத்து நீ பொம்பளை என்று சொல்கிறாய், அதையாவது சொல் என்றார்.

அவள் கொஞ்ச நேரம் மஞ்சள் கிழங்கைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். "பசிக்குதுன்னு எத்த வெச்சு சார் சொல்றீங்க?"

"பசின்னா சோறு போட்டா அடங்கிடும்மா. அப்பத் தெரிஞ்சிடும் அது பசிதான்னு."

"அப்ப எனக்கும் போட்டுப் பாருங்க. அடங்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

வாத்தியார் சூடத்தை மறந்து வைத்துவிட்டுப் போனார். அவர் 'அம்மா' என்று சொன்னதை நானும் கவனித்தேன், அவளும் கவனித்தாள். அதைப் பெரிதாக்காமல் மஞ்சளை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் தோற்றதைச் சொல்கிறேன். அது சிரிக்கிற கதை இல்லை.

என் வீட்டுக்காரிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, இனி இல்லை என்றும் ஆனது. அவள் படுக்கையை விட்டு எழுந்து இரண்டு மாதம் இருக்கும். வாசலில் பெண்கள் இரண்டு பேரும் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் சும்மா இருக்காமல், யாரோ சொற்பொழிவில் சொன்னதை எடுத்துவிட்டேன். ஆண்டவன் பெண்ணைப் படைத்தது பிள்ளை பெறத்தான், பெற்றுக்கொடுக்கிறவள்தான் பெண் என்று. தங்கச்சியை மடக்குகிறதாக எனக்கு நினைப்பு.

இழை எங்கே விட்டிருக்கிறது என்று அவளுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. அதைத் தொட அவளுக்கு மனசில்லை. காய் ஆய்கிற சத்தம் மட்டும் நின்றுபோனது.

"அப்ப நான் யாருங்க?" என்றாள் வீட்டுக்காரி.

அவள் கேட்டதில் கோபம் இல்லை. தெரியாமல் கேட்பது போலத்தான் கேட்டாள். முப்பது வருஷமாக நெற்றியில் விபூதி பூசுகிற நான் அன்று தோள் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றேன். தங்கச்சி எழுந்தாள். அண்ணி மடியிலிருந்த முறத்தை வாங்கிக்கொண்டு, "போங்கண்ணி, போய் ஒலையை வைங்க. அண்ணனுக்குப் பசி வந்துட்டா இப்படித்தான் ஒளறும்" என்றாள். ஜெயிக்க வேண்டிய இடத்தில் ஜெயிக்காமல் விட்ட ஒரே தடவை அதுதான்.

அந்த ராத்திரியே தங்கச்சியிடம் பிராயச்சித்தம் மாதிரி ஒன்று சொன்னேன். சிவனே பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கிறாரே, நீயும் அந்த அம்சம்தான் என்றேன். கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நினைத்தேன்.

"சாமி பாதி பாதியா இருக்கட்டும் அண்ணே, அதுக்கு முடியும். நான் முழுசு" என்றாள்.

அவளோடு வெளியே போவது பேஜார் என்று நினைத்த காலம் உண்டு. டவுன் பஸ்ஸில் ஒரு தடவை, பெண்களுக்குக் காசு இல்லை என்று இலவச டிக்கெட்டை வரிசையாக எல்லோருக்கும் கிழித்துக்கொடுத்துக்கொண்டே வந்த கண்டக்டர், அவளிடம் வந்ததும் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டார். அரசாங்கம் கொடுத்த அட்டை அவள் பையில் இருந்தது. அவள் எடுக்கவில்லை. அவளைப் போன்றவர்களுக்கும் இலவசம்தான், அட்டையைக் காட்டினால் முடிந்துவிடும், எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. "முன்னாடி சீட்டுலேர்ந்து ஒவ்வொருத்தரா பொம்பளையா இல்லியான்னு அட்டை வாங்கிப் பாத்துக்கினு வா. கடைசியா எங்கிட்ட வா, காட்டறேன்" என்றாள். முன் சீட்டுப் பாட்டி ஒருத்தி பொக்கை வாயோடு, "எங்கிட்ட இல்லைடா ராசா, என்னை எறக்கி வுட்டுடு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் அவளுக்கும் அதே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வருஷா வருஷம் கூவாகம் திருவிழாவுக்குப் போவாயா என்று தெருவில் கேட்பார்கள். போகமாட்டாள். போகிறவர்களைக் குறை சொன்னதும் இல்லை. "ஒரு நாளு தாலி, மறுநாளு அறுப்பு. எனக்கு ஒரு நாளு பத்தாது" என்பாள்.

அவளுக்கு என்னதான் வேண்டும் என்பது எனக்கு ஒரு பொங்கலுக்குத் தெரிந்தது.

கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. சொந்த நிலத்தில் கேப்பையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அண்ணன் ஒருத்தன், அடுத்தது இவள். புடவை கட்டிய நாளிலிருந்து அந்த வாசல் இவளுக்கு மூடியாயிற்று. அப்பா செத்ததற்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் அந்தப் பொங்கலுக்கு முதல் நாள் கையில் ஒரு மூட்டையோடு ஓடிவந்து என் கடையில் நின்றாள். பழைய புடவைத் துண்டில் கட்டிய மூட்டை. அவள் அம்மா யாருக்கும் தெரியாமல் பஸ் டிரைவர் ஒருத்தரிடம் கொடுத்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அனுப்பியிருக்கிறாள். அவர் போன் செய்ய, இவள் போய் வாங்கி வந்திருக்கிறாள். உள்ளே கேப்பை மாவு, உரிக்காத மல்லாட்டை. அதன் மேல், இலையோடு, வேரில் ஒட்டிய மண்ணோடு ஒரு மஞ்சள் கொத்து.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல் வரிசை என்று பிறந்த வீட்டிலிருந்து போகும். மாவும் பருப்பும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மஞ்சள் கொத்து பெண்ணுக்குத்தான் போகும். அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க முடியாது.

"உன் கடையிலயும் மஞ்சக் கொத்து விக்கிது அண்ணே. இது கடையில வாங்கினது இல்லை, பாத்துக்கோ" என்றாள். நாலு பொங்கலுக்கு அந்த மூட்டை வந்தது. நாலு தடவையும் என்னிடம் காட்டினாள். பிறகு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. டிரைவர் கையில் ஒளிந்து வருகிற இந்த வரிசை ஒரே ஒரு தடவை ஊர் பார்க்க வரணும். அம்மாவுக்கு என்று அரக்குக் கரை போட்ட நூல் சேலை ஒன்று வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். கொடுத்தால் எங்கேயிருந்து வந்தது என்று வீட்டில் கேட்பார்களே என்று அம்மா டிரைவரிடம் சொல்லி வேண்டாம் என்றிருக்கிறாள். ஊருக்கே ஓரம் அடிக்கிறவள் அந்தச் சேலையில் மட்டும் ஊசி வைக்கவில்லை. அம்மாவைக் கேட்டுத் தைக்கணும் என்பாள்.

ஐந்தாவது பொங்கல் வரும் முன்னால், ஒரு நாள் விடிந்ததும் அண்ணன்காரன் அவளுக்குப் போன் செய்தான். அம்மா போய்விட்டாள்.

எங்கள் பக்கத்து முறை, அப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி, தாய்க்கு இளைய மகன். இத்தனை வருஷம் இல்லாத இளைய மகன் இன்றைக்குத் தேவைப்பட்டுவிட்டான். மொட்டை அடித்து வேட்டி கட்டிக்கொண்டு வா, அவ்வளவுதான் என்றான். அவள் போனை வைத்துவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தச் சேலையை எடுத்தாள்.

"அம்மா மேல போத்த பொண்ணு வீட்டுக் கோடி போவணும் அண்ணே. பொண்ணு வீடுன்னு எனக்கு யாரு இருக்காங்க?"

என் வீட்டுக்காரி அதற்குள் தலையை முடிந்துகொண்டு புடவை மாற்றப் போய்விட்டாள். நான் கடையைப் பூட்டினேன். அன்று கிருத்திகை. மலைக்குப் போகவில்லை.

விழுப்புரம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, அவள் ஊர் முனையில் இறங்கும்போது உச்சி வெயில் ஏறியிருந்தது. தட்டில் சேலை, மேலே மாலை, ஒரு படி அரிசி, ஊதுவத்தி. தெருவுக்குள் மேளச் சத்தம் கேட்டது. வீடு நாலு வீடு தள்ளித்தான். நான் நடக்க ஆரம்பித்தேன். அவள் நகரவில்லை.

"கோடி எடுத்துக்கினு வந்தா ஊர் முனையில நிக்கணும். மேளம் வந்து கூட்டிக்கினு போவணும். பொண்ணுன்னா அதான் முறை. மேளம் வந்து கூப்பிடட்டும்."

அம்மாவின் முகத்தைப் பார்க்கவாவது முதலில் போவோம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். "திருட்டுத்தனமா மூட்டை வந்தது போதும் அண்ணே. அம்மா கிட்ட நான் திருடி மாதிரி போவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு வெயிலில் நின்றாள். வீட்டுக்காரி பக்கத்தில் போய் நின்றாள். நானும் நின்றேன்.

ஆள் வந்தது. முதலில் சின்னப் பையன்கள், அப்புறம் ஜன்னல்களில் பெண்கள். 'ஒம்போது' என்று ஒரு குரல் எங்கிருந்தோ வந்தது. பிறகு அண்ணன்காரனும் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருத்தரும் வந்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர்தான் பேசினார். நேரம் போகிறது, பொழுது சாய்வதற்குள் எடுக்கணும், பக்கத்திலேயே மோட்டார் கொட்டகையில் நாவிதர் காத்திருக்கிறார் என்றார்.

"ஒரு மணி நேரம்டா. வேட்டியைக் கட்டிக்கினு கொள்ளியைப் போட்டுட்டு, அப்புறம் நீ எப்படி வோணா இரு, யாரு கேக்கப் போறாங்க?"

"ஒரு மணி நேரம் நீங்க பொடவை கட்டிக்கினு நில்லுங்க பெரிப்பா. அப்புறம் நீங்க எப்படி வோணா இருங்க."

பெரியவர் முகம் சிவந்தது. நீ பிறந்தபோது ஆம்பளைப் பிள்ளை என்று உன் அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள், நான் தின்றிருக்கிறேன், பெற்றவளுக்குத் தெரியாதா என்றார்.

அம்மா மறைத்ததை அம்மா பிணமாகக் கிடக்கும்போது சொல்லலாமா என்று தங்கச்சி தயங்கினாள் என்று நினைக்கிறேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சத்தியம் செய்கிற ஆள் இல்லை. கடையில்கூடச் சாமி பேரைச் சொல்லிப் பொருள் விற்கமாட்டேன்.

"மயிலம் முருகன் மேல சத்தியமா சொல்றேங்க. நாலு பொங்கலுக்கு அந்தம்மா இவளுக்கு மஞ்சக் கொத்து அனுப்புனாங்க. எங்கண்ணால பாத்தேன். பெத்தவங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

அண்ணன்காரன் தலை நிமிர்ந்தான். தோட்டத்தில் மஞ்சள் யார் பிடுங்கினார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்கும். பெரியவர் அசையவில்லை. சாவு வீட்டில் நின்று பேசுவதற்கு நீ யார் என்று என்னைக் கேட்டார். மேளம் வராது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அப்போதுதான் மேளம் நின்றது. தெருவில் சத்தமே இல்லை. மேளக்காரரில் மூத்தவர், வெள்ளை மீசைக்காரர், மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களை நோக்கி நடந்துவந்தார். பின்னால் இரண்டு இளைஞர்கள். யார் உன்னைப் போகச் சொன்னது என்று பெரியவர் வழிமறித்துக் கேட்டார்.

"கோடி முனையில நிக்கிதுங்க. எங்க தொழில்ல கோடி நின்னா மேளம் போவணும். யாரு தூக்கியாந்தாங்கன்னு மேளம் கேக்காது." கொஞ்சம் நிறுத்தினார். "இவன் இங்க நிக்கலாமா, அங்க வரலாமான்னு எங்களைக் கேட்டவங்க இந்தத் தெருவுல நெறைய பேருங்க. நான் ஒருத்தரையும் அப்படிக் கேட்டதில்லை. இனிமேலும் கேக்கப் போறதில்லை."

சொல்லிவிட்டு அடித்தார். அந்த அடி என் நெஞ்சில் விழுந்தது. தங்கச்சி தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். நாங்கள் மூன்று பேர், முன்னால் மேளம். தெருவில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். மரியாதையாலா, வெறுப்பாலா, தெரியாது. ஒதுங்கினார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒரு வயதான அத்தை, மேளம் வந்தால் எழுந்து எதிர்கொள்கிற பழக்கத்தில் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் யார் என்று பார்த்தாள். பார்த்த பிறகு உட்காரவில்லை. தட்டுக்குக் கையை நீட்டினாள்.

அந்தச் சேலையைத்தான் மேலே போர்த்தினார்கள். ஊசி படாத சேலை.

எடுக்கும் நேரத்தில் அண்ணன்காரன் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தான். கொள்ளிக்கு நீ இப்படியே வந்தாலும் சரி, ஊர் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவன் அவ்வளவு தூரம் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் ஒப்புக்கொள்வாள் என்றும் நினைத்தேன்.

"பொண்ணுங்க சுடுகாடு வர்றதில்லைன்றது உங்க முறைதானே. நான் மகன் கொள்ளி போட மாட்டேன். நீயே போடு" என்றாள். பிறகு என்னிடம், "பொண்ணு வீட்டு ஆம்பளைன்னு ஒருத்தர் போவணும். நீ போ அண்ணே."

தெரு முடிகிற இடத்தில் பெண்கள் நிற்பார்கள். அங்கே அவளும் நின்றாள். முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். அம்மாவின் பாடை ஆற்றங்கரைப் பாதையில் திரும்பி மறைகிற வரைக்கும் ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை. ஓடிவந்திருந்தால் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். பெண்கள் தாண்டக் கூடாது என்கிற அந்தக் கோட்டை அவள் போடவில்லை. ஆனால் அதற்கு இந்தப் பக்கம்தான் தன் இடம் என்று பிடித்து நின்றாள். பெற்ற தாயின் கடைசி நெருப்பை அதற்கு விலையாகக் கொடுத்தாள். அவளை வேஷம் என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்கிறேன். வேஷம் போடுகிறவர் யாராவது இவ்வளவு விலை கொடுப்பார்களா?

சுடுகாட்டில் வெட்டியான் வாய்க்கரிசிக்கு முறைப்படி கூப்பிட்டான். பங்காளிகள் போட்டார்கள். மாமன் மச்சான்கள் போட்டார்கள். பிறகு பழக்கத்தில் அடுத்ததையும் கூப்பிட்டான்.

"பொண்ணு வீட்டுக்காரங்க வாங்க."

பெரியவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றி வைத்தேன். "நாங்கதான்" என்றேன். அண்ணன்காரன் அரிசித் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

நாங்கள் திரும்பி வந்தபோது மற்றப் பெண்கள் எல்லோரும் குளிக்கப் போய்விட்டார்கள். தெரு முனையில் அவளும் என் வீட்டுக்காரியும் மட்டும் நின்றிருந்தார்கள். அதே இடம்.

"கூப்ட்டாங்களா?"

"கூப்ட்டாங்கம்மா."

"இன்னான்னு கூப்ட்டாங்க?"

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அவிழ்ந்து கிடந்த முடியை இரண்டு கையாலும் அள்ளி முடிந்துகொண்டாள். "வாங்கண்ணி, குளிக்கணும்" என்று பெண்கள் குளிக்கிற பக்கம் நடந்தாள்.